மேடம் கேட்க மாட்டார்

பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்துவிட்டால் முன்னால் நிற்பவரிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்போம். மேடம் சொல்ல மாட்டார். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் முதுகையே பார்த்தபடி நிற்பார். அந்த முதுகு தானாக நகர்ந்தால் இறங்குவார். நகராவிட்டால் அடுத்த ஸ்டாப். சில நாள் அதற்கும் அடுத்தது. பிறகு ஓசூர் ரோட்டின் ஓரமாக, லாரிப் புகையில், வந்த வழியே திரும்பி நடப்பார். ஒரே பஸ்ஸில் வந்த நாட்களில் நான் முன் கதவால் இறங்கித் திரும்பிப் பார்ப்பேன். ஜன்னலுக்குள் அவர் முகம் போய்க்கொண்டிருக்கும்.

நாங்கள் வேலை செய்தது பொம்மனஹள்ளியில், சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு யூனிட்டில். நான் பேக்கிங் பிரிவில் இருந்தேன். பெட்டிகளின் மேல் ஒட்டுகிற ஸ்டிக்கரைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது என் வேலை. பத்தாவது வரைதான் படிப்பு. எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்று தெரியும், ஏன் வருகிறது என்று தெரியாது. யூனிட்டில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொண்டவர் மேடம். அப்போது அவருக்கு ஐம்பது நெருங்கியிருக்கும். ரிச்சர்ட்ஸ் டவுனில் வெகு காலமாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் யூனிட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் மேடம்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவருடைய நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது. அந்தப் பக்கத்துக்கு அட்டைப் பெட்டியைக் கிழித்து மடித்து முட்டுக் கொடுத்திருந்தார். அட்டை நசுங்கிப்போனால் புது அட்டை வைப்பார். ஸ்டோரில் நல்ல நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூசி படிந்து கிடந்தன. ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட கோவிந்தராஜ் அண்ணன் தர்மபுரிக்காரர். வாய் சும்மா இருக்காது.

"மேடம், அதுல ஒக்காந்து ஒக்காந்து நீங்களே ஒரு பக்கமா சாஞ்சுட்டீங்க. ஒரு வார்த்த கேட்டா வேற சேர் குடுக்க மாட்டனா?"

"இருக்கட்டும். இது நல்லாத்தான் இருக்கு."

"கேட்டாத்தான மேடம் குடுக்க முடியும்?"

"அதான் இருக்கட்டும்னேன்ல."

அண்ணன் என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்குவார். "மகாராணி கேக்க மாட்டாங்களாம். நாமளா பல்லக்கு தூக்கினு போவணும்."

மற்றவர்கள் அதைத் திமிர் என்றார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். என் கதை வேறு. யாராவது என்னை நேராகப் பார்த்து ஒன்று கேட்டாலே எனக்கு வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். அது கூச்சம். பேச நினைத்தும் பேச்சு வராதது. மேடத்துக்குப் பேச்சு நன்றாக வரும். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் வரும். சத்தம் போட வேண்டிய இடத்தில் சத்தமும் போடுவார். தனக்காக ஒன்றைக் கேட்பது மட்டும் வராது.

டீ விஷயத்தில் அது எனக்குப் புரிய ஆரம்பித்தது. பதினொரு மணிக்கு ஒரு பாய் ஃபிளாஸ்கோடு வருவார். ஒரு நாள் மேடம் மேசைக்கு அடியில் உட்கார்ந்து கேபிளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, பாய் அவரைப் பார்க்காமல் போய்விட்டார். மேடம் கூப்பிடவில்லை. மறுநாள் பாய் என்ன நினைத்தாரோ, அந்த மேசையில் கப் வைக்கவில்லை. அதற்கு மறுநாளும் வைக்கவில்லை. அப்படியே அது வழக்கமாகிவிட்டது. நான் அங்கே சேருவதற்கு முன்பே நடந்தது இது. ஒரு நாள் துணிந்து பாயிடம், "மேடத்துக்கு?" என்றேன்.

"அவங்க குடிக்க மாட்டாங்களேம்மா. வேணும்னா கேக்க மாட்டாங்களா?"

அன்றைக்கு என் டீயில் பாதியை இன்னொரு கப்பில் ஊற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். எதுவும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. குடித்துவிட்டுக் கப்பைக் கழுவி என் மேசையில் கவிழ்த்து வைத்தார். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது. அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கும் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தோம். அவரவர் டப்பா அவரவருக்கு. அவர் எதையும் வாங்கிக்கொள்ளவும் மாட்டார், அதிகம் கொடுக்கவும் மாட்டார்.

வீட்டைப் பற்றி எப்போதாவது சொல்வார். அப்பா கட்டிய வீடு. முன்பக்கம் தம்பி குடும்பம். பின்பக்கம், துணி துவைக்கும் கல்லை ஒட்டி இருந்த ஒரு அறையில் மேடம். அந்த அறைக்கு மின்சாரம் முன்வீட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரு கிறிஸ்துமஸ் லீவுக்குத் தம்பி குடும்பம் கோயம்புத்தூர் போனபோது, பத்திரத்துக்காக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அவர்கள் திரும்பி வரும்வரை மேடம் மெழுகுவர்த்தியில் இருந்தார்.

"ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாமே மேடம்? சாவி பக்கத்து வீட்ல குடுத்திருப்பாங்க."

"பின்னாடி ஒரு ஆள் இருக்கறது தெரியாமலா ஆஃப் பண்ணாங்க? தெரிஞ்சும் மறந்தவங்கள கேட்டு என்னம்மா ஆகப்போகுது?" சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். கோபம் இல்லை. "என் தம்பி நல்லவன். கேட்டா எதையும் இல்லன்னு சொல்ல மாட்டான். ஆனா கேக்கணும்."

பிறகு டப்பாவை மூடினார். அந்தப் பேச்சு அதோடு சரி.

*

ஒரு வருஷம், மழை ஓய்ந்த சமயத்தில், எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. யூனிட் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பார்கள். கக்கூஸ் சுத்தமா, தீயணைக்கும் வாளியில் மணல் இருக்கிறதா என்பதோடு, கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் முறையாக வாங்கியதா என்றும் பார்ப்பார்களாம். எங்களுடையது எதுவும் முறையாக வாங்கியதில்லை. முதலாளி கன்னடக்காரர். மேடத்தின் மேசைக்கே வந்து நின்றார்.

"நோடி மேடம், எல்லாத்துக்கும் ஒரிஜினல் வாங்க ஆகாது. ஏனாதுரு மாடி," என்றார். ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்படி என்பது மேடத்தின் பாடு.

மேடம் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அது விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டம், இலவசம், யாரும் வந்து கேள்வி கேட்க முடியாது. இது வரை சுலபம். புது சிஸ்டம் போட வேண்டுமென்றால், அதை ஒரு சி.டி.யிலோ பென் டிரைவிலோ ஏற்றி, வெளியிலிருந்து கம்ப்யூட்டரில் சொருகி, அதன் பலத்தில் உள்ளே இருப்பதை அழித்துப் புதிதாக எழுத வேண்டும். எங்கள் யூனிட்டில் சி.டி.யும் பென் டிரைவும் வாசலைத் தாண்டக் கூடாது. முன்பு ஒருமுறை சட்டை டிசைன்கள் எப்படியோ வெளியே போய்விட்டன. அதிலிருந்து இந்தச் சட்டம். செக்யூரிட்டி பையைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார். கம்ப்யூட்டரில் சி.டி. போடும் தட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். பென் டிரைவ் சொருகும் ஓட்டைகளில் பசை ஊற்றி அடைத்துவிட்டார்கள். கீபோர்டும் மவுசும் பழைய வட்டமுனை வகையாக இருந்ததால் அவை தப்பின.

"இதுல என்ன மேடம் இருக்குது," என்றார் கோவிந்தராஜ் அண்ணன். "மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேளுங்க. ஒரு நாளைக்கு பென் டிரைவ் உள்ள வரட்டும்னு செக்யூரிட்டிகிட்ட சொல்லிடுவாரு. ஒரு ஓட்டைய நான் சுரண்டித் தர்றேன்."

"அவரே சொல்லலையே."

"அவருக்கு என்னா தெரியும்? கேட்டாத்தான தெரியும்."

"இருக்கட்டும். உள்ள இருக்கறத வச்சே பாக்கலாம்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேலை இரண்டு நாளில் முடிந்திருக்கும். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. என் கம்ப்யூட்டரும் அந்த வரிசையில் இருந்தது, என் வேலையும் நின்று நின்று நடந்தது.

மேடம் செய்ததை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். முதல் கம்ப்யூட்டரில், அந்த டிஸ்க்கின் கடைசியில், கொஞ்சம் இடத்தை மட்டும் தனியாகத் தடுத்தார். ஆபீஸ் இன்டர்நெட்டில் லினக்ஸை இறக்கி அந்த மூலைக்குள் வைத்தார். அடுத்த தடவை எழுந்திருக்கும்போது வழக்கமான இடத்திலிருந்து எழாதே, இந்த மூலையிலிருந்து எழு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்தார். அது மூலையிலிருந்து எழுந்தது. எழுந்து, மற்ற இடம் முழுவதையும் அழித்து, லினக்ஸை எழுதிக்கொண்டது.

"அந்த மூலைய அழிக்காதா மேடம்?"

"நிக்கற இடத்த அழிச்சா எங்க நிக்கறது?" என்றார். "அத மட்டும் விட்டுடணும். வீடு பெருசாதான் இருக்கு. நமக்கு அந்த ஓரம் போதும்."

எழுதும்போது திரையில் ஒரு பார் ஓடும். இடதிலிருந்து வலதுக்கு, கோடு மாதிரி, மெதுவாக. சில சமயம் ஒரே இடத்தில் வெகு நேரம் நிற்கும். எனக்குக் கை பரபரக்கும். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்து மேசையிலிருந்து எடுத்துவிடுவார்.

"பார் ஓடும்போது எதையும் தொடாத. நின்னுட்ட மாதிரி தெரியும். நிக்கல. உள்ள வேல நடக்குது. விட்டுடு."

ஒரு கம்ப்யூட்டர் ஆனது. மற்ற ஒவ்வொன்றுக்கும் இதையே செய்தால் ஆட்கள் வருவதற்குள் முடியாது. அதனால் முதல் கம்ப்யூட்டரையே மற்றவற்றுக்குக் கொடுப்பதாக ஆக்கினார். எல்லாமே ஒரே கேபிளில் சேர்ந்திருந்தன. மற்றதை எழுப்பும்போது 'முதலில் கேபிளைப் பார்' என்று ஒரு சொல் வைத்தால் போதும். அது கேபிளைப் பார்க்கும், முதல் கம்ப்யூட்டர் லினக்ஸை அனுப்பும், பார் ஓடும்.

அதிலும் ஒரு தொல்லை இருந்தது. எழுதுவதற்கு முன்னால் அது வரிசையாகக் கேள்வி கேட்கும். எந்த மொழி, எந்த ஊர் நேரம், எந்த கீபோர்டு. கடைசியாக, இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அழிக்கட்டுமா என்று. ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து பதில் தட்ட வேண்டும். மேடம் எல்லாக் கேள்விகளுக்கும் பதிலை முன்கூட்டியே எழுதி உள்ளே வைத்துவிட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்கும்.

"இனிமே எதையும் கேக்காது," என்றார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். "தானா வந்து தானா பண்ணிட்டுப் போயிடும்."

ஒவ்வொரு பிரிவாக முடித்துக்கொண்டு வந்தார். இன்னும் இரண்டோடு என்னுடையதையும் கடைசிக்கு வைத்திருந்தார். பெட்டி ஸ்டிக்கர்களின் ஃபைல்கள் எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. ஒரு நாள் சாயங்காலம் அதை நிறுத்தும்போது, மறுநாள் நேரம் மிச்சமாகட்டும் என்று, 'கேபிளைப் பார்' என்ற சொல்லை மட்டும் வைத்துவிட்டார். காலையில் வந்து டிஸ்க்கை மட்டும் கழற்றி, முதலில் ஸ்டிக்கர் ஃபைல்களை வேறு கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு எழுப்பலாம் என்பது திட்டம்.

இரவு கரண்ட் போய், விடிந்த பிறகுதான் வந்திருக்கிறது. மெயின் சுவிட்சை யாரும் அணைத்து வைக்கும் வழக்கம் இல்லை. கரண்ட் வந்ததும் எங்கள் பழைய கம்ப்யூட்டர்கள் தாமாகவே எழுந்துகொள்ளும். நான் காலையில் போனபோது என் திரையில் பார் ஓடிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் போயிருந்தது. மேடம் சீக்கிரம் வந்து தொடங்கிவிட்டார் போல என்று நினைத்தேன். பார் ஓடும்போது தொடக் கூடாது. பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மேடம் வந்தது வெகு நேரம் கழித்து. நெற்றியெல்லாம் வியர்வை. புடவைக் கொசுவத்தில் ரோட்டுத் தூசி. அன்றைக்கும் ஒரு முதுகு நகரவில்லை. என் திரையைப் பார்த்தார். பார் முடிந்து, புது சிஸ்டம் வந்து நின்றுகொண்டிருந்தது. அவர் கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமலே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கேக்கலையே," என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும், "ஒரு வார்த்த கேக்காம அழிச்சிடுச்சே."

விஷயம் பரவக் கொஞ்ச நேரம்தான் ஆனது. கோவிந்தராஜ் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

"நீங்கதான மேடம் கேக்காதன்னு சொல்லிக் குடுத்தீங்க? உங்கள மாதிரியே பழக்கி வச்சிருக்கீங்க. வேற எப்படி இருக்கும்?"

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் ஸ்டோர் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

முதலாளி சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "சாயங்காலம் லாரி பர்த்தெ மேடம்," என்றார். "ஸ்டிக்கர் இல்லாம பெட்டி போகாது. பெட்டி போகலேன்னா ஆர்டர் இல்லா. ஆர்டர் இல்லேன்னா நாளையிந்த நீங்க பர்பேடி." சாயங்காலம் லாரி வந்துவிடும், பெட்டி போகாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் வேலையைத் தொடங்கினார். அழிந்த டிஸ்க்கில் மிச்சம் மீதி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுகிற ஒரு புரோகிராமை ஓட்டினார். அதற்கும் ஒரு பார். அது முந்தியதைவிட மெதுவாக ஓடியது.

"மேடம்," என்றார் கோவிந்தராஜ் அண்ணன், இந்த முறை மெதுவாக. "பீன்யாவுல மொதலாளி தம்பி யூனிட் இருக்குதே. அவங்களும் இதே கம்பெனிக்குத்தான சட்ட அனுப்பறாங்க? இதே ஸ்டிக்கர்தான ஓடும்? ஒரு ஃபோன் போட்டுக் கேட்டா மெயில்ல அனுப்பிட மாட்டாங்களா?"

"பாக்கலாம். இங்கயே எங்கயாவது இருக்கும்."

"இல்லாட்டி?"

"இருக்கும்."

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. நான் வைத்த அரைக் கப் டீ ஏடு கட்டிக் கிடந்தது. உடைந்த துண்டுகளாக ஏதோ சில ஃபைல்கள் கிடைத்தன. திறந்தால் கோடும் புள்ளியுமாக வந்தது. மேடம் அதை மூடிவிட்டு, பாரை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். மூன்று மணிக்கு மேல் லாரி வந்து பின்பக்கமாக முற்றத்துக்குள் நுழைந்தது. லோடு ஏற்றும் ஆட்கள் ஸ்டிக்கர் ஒட்டாத பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்கள். டிரைவர் சும்மா இருக்க முடியாமல் ஹாரன் அடித்தான்.

எனக்கு உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. அவருடைய வேலை போகப்போகிறது. ஒரு ஃபோனில் அது தீரும். அந்த ஒரு ஃபோனை இந்த மனுஷி செய்யப்போவதில்லை. இதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு வேலையாக இருந்தது.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செல்வி."

"மேடம்."

"பீன்யாவுக்கு..." என்று நிறுத்தினார். பார் ஒரே இடத்தில் நின்றிருந்தது. நான் காத்திருந்தேன். வெளியே ஹாரன் சத்தம்.

"நீ கேக்கறியா?"

எனக்கு ஃபோனில் பேச வராது என்று அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டு காஸ் சிலிண்டருக்குக்கூட என் வீட்டுக்காரர்தான் பேசுவார். முடியாது என்று சொல்லலாம். ஆனால் அவர் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நேரே ஆபீஸ் அறைக்குப் போய் நம்பரைப் பார்த்து அழுத்தினேன்.

"ஹலோ, யாரு? ஹேளி," என்றது ஒரு ஆண் குரல். சொல்லுங்கள் என்கிறார்.

என் கன்னடம் கொத்தமல்லி வாங்கும் கன்னடம். "நாவு பொம்மனஹள்ளி... ஸ்டிக்கர்... ஃபைல்..." என்று தடுமாறினேன்.

"தமிழா? தமிழ்லயே சொல்லும்மா."

சொன்னேன். பாதி சொல்லும்போதே குரல் உடைந்தது. அவர் சிரித்தார்.

"இதுக்கா இப்படி நடுங்கற? மெயிலத் திறந்து வைக்கச் சொல்லு, இப்பவே அனுப்பறேன். காலையிலயே கேட்டிருந்தா காலையிலயே அனுப்பியிருப்பனே."

அந்தக் கடைசி வார்த்தையை நான் மேடத்திடம் சொல்லவில்லை. நான் திரும்பி நடந்து வருவதற்குள் மெயில் வந்திருந்தது. ஸ்டிக்கர் பிரிண்டரைப் புது சிஸ்டத்தோடு சேர்த்துவைக்க மேடத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு பிரிண்டர் கடகடவென்று துப்பியது. பேக்கிங்கில் இருந்த எல்லோரும், கோவிந்தராஜ் அண்ணனும்கூட, மண்டி போட்டு ஒட்டினோம். விளக்குப் போடும் நேரத்தில் லாரி கிளம்பியது. முதலாளி எட்டிப் பார்த்து, "ஆய்தா? சரி, சரி," என்றார். முடிந்ததா என்று கேட்டதோடு சரி. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றதைப் பற்றி அவரும் பேசவில்லை, யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. மேடம் ஜன்னல் பக்கம். ஆடுகோடியில் நான் இறங்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

"அனுப்பறேன்னாரு மேடம்."

"ஏன் எதுக்குன்னு கேக்கலையா?"

"இல்ல."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மேடம்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டார். கடை விளக்குகள் அவர் முகத்தின் மேல் வந்து வந்து போயின. சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். "இவ்ளோதானா இருந்துச்சு," என்றார், என்னைப் பார்த்து இல்லை. எதையோ தொலைத்துவிட்டு, அது அத்தனை காலமும் மடியிலேயே இருந்தது என்று தெரிந்தவரைப் போல, அவ்வளவு களைத்துப்போன ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இன்னும் இரண்டு கம்ப்யூட்டர்கள் பாக்கி இருந்தன. மறுநாள் அவற்றை எழுப்புவதற்கு முன்னால் மேடம் முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏதோ மாற்றினார். பிறகு எழுப்பினார். இந்தத் தடவை பார் உடனே ஓடவில்லை. திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அழிக்கட்டுமா?

நான் அவரைப் பார்த்தேன்.

"கேக்கட்டும்," என்றார்.

ஆட்கள் வந்தார்கள். கம்ப்யூட்டரை ஒரு நிமிஷம் பார்த்தார்கள், கக்கூஸை வெகு நேரம் பார்த்தார்கள். ஆர்டர் நிலைத்தது. அதற்காக மேடம் மாறிவிட்டார் என்று எழுத முடியாது. நாற்காலிக்கு அட்டைதான். பஸ்ஸில் அதே முதுகுகள்தான். சில வருஷம் கழித்து யூனிட்டை மூடிவிட்டு எல்லாவற்றையும் பீன்யாவுக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவு தூரம் போய்வர என்னால் முடியாது என்று நின்றுவிட்டேன். மேடத்தை அவர்கள் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று மேடமும் கேட்கவில்லை.

*

பொம்மனஹள்ளியில் யூனிட் இருந்த இடத்தில் இப்போது பையன்கள் தங்கும் ஹாஸ்டல். எனக்கும் முழங்காலில் வலி வந்துவிட்டது. போன மாதம் சிவாஜி நகரில் ஒரு வேலையாகப் போனவள், பக்கம்தானே என்று ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு நடந்தேன். வீட்டை விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விசாரித்தேன். இப்போதெல்லாம் எனக்கு அது கொஞ்சம் வருகிறது.

முன்வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாக இருந்த சந்து வழியே பின்னால் போனேன். துணி துவைக்கும் கல், அதை ஒட்டி அறை. மேடம் கதவைத் திறந்துவைத்து, வாசலோரமாக ஸ்டூல் போட்டு, வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"செல்வியா? குண்டாயிட்ட."

டீ போட்டார். வேண்டுமா என்று கேட்கவில்லை. ஒரு கப் டீயை இரண்டாகப் பிரித்து, அரைக் கப்பை என்னிடம் கொடுத்தார். உட்கார்ந்து குடித்தோம். கோவிந்தராஜ் அண்ணன் ஊரோடு போய்விட்டதைச் சொன்னேன். "பல்லக்கு தூக்க ஆள் இல்லாம போச்சு," என்றார். அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அறைக்குள் எட்டிப் பார்த்தபோது கட்டில் இருக்கும் மூலை இருட்டாக இருந்தது. ஏன் விளக்குப் போடவில்லை என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

பொழுது சாய்ந்தது. எழுந்தேன். சந்து வழியே இரும்புக் கதவு வரை கூட வந்தார். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார்.

"அடுத்த தடவ வரும்போது..." என்று தொடங்கி நிறுத்தினார்.

முன்பானால் "என்ன மேடம்?" என்று கேட்டிருப்பேன். "இருக்கட்டும், பாத்துப் போ" என்று சொல்லியிருப்பார். பார் ஓடும்போது எதையும் தொடக் கூடாது. நின்றுவிட்ட மாதிரி தெரியும். நான் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் வலித்தது. முன்வீட்டு டி.வி.யில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு ஆட்டோ வந்து, திரும்ப இடம் இல்லாமல் பின்பக்கமாகவே போனது.

"உள்ள பல்பு போயிடுச்சு," என்றார்.

நான் பேசவில்லை.

"ஸ்டூல் மேல ஏற முடியல. முட்டி புடிச்சுக்குது."

அப்போதும் நான் பேசவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த தெருவைப் பார்த்தார்.

"முக்குக் கட திறந்துதான் இருக்கும். ஒண்ணு வாங்கி மாட்டிக் குடுத்துட்டுப் போறியா?"

பர்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, என் கைப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் கடைக்கு நடந்தேன்.